அக்கரைக் கல்

வாய்க்காலின் இக்கரையில் நின்று நாச்சிமுத்து தூண்டிலைச் சுழற்றி வீசினார். நுனியில் கட்டிய மணல் பொட்டலம் தண்ணீரைத் தாண்டிப் போய், அக்கரையில் கிடந்த சப்பைக் கல்லுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

"ஏனுங்ணா, மீனு தண்ணிக்குள்ள இருக்குதுங்களா, கல்லு மேல இருக்குதுங்களா?" பக்கத்து வீட்டு பயாஸ் சிரித்தான்.

"கை பழகோணும் பயாசு. குறி தப்பக்கூடாது."

"ஒரு மாசமா இதே பொழப்புங்க. கல்லுதான் வேணும்னா பாலத்துல நடந்து போயிரலாமில்லீங்க?"

நாச்சிமுத்துவின் முகம் இறுகியது. மகள் ரஞ்சிதா வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போன அன்று, இனி அந்த மண்ணை மிதிக்க மாட்டேன் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவர் அவர்.

"சொன்னது சொன்னதுதான்" என்று மறுபடியும் வீசினார். பொட்டலம் கல்லின் நடுவில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை அக்கரையில் பறை கேட்டது. சுடுகாட்டுக்குப் போகிற வழியில் பாடையை ஒருமுறை இறக்கி வைக்கும் இடம் அந்தக் கல்தான். இறக்கி வைத்தார்கள்.

நாச்சிமுத்து மணலை அவிழ்த்துவிட்டு, பிறந்த வீட்டார் போட வேண்டிய கோடிச் சேலையைத் தூண்டிலில் கட்டி வீசினார். குறி தப்பவில்லை. ரஞ்சிதாவின் நெஞ்சின்மேல் போய் விழுந்தது.

பயாஸ் கல்லிலிருந்து அவர் பக்கம் திரும்பினான். "அப்ப, முன்னாடியே தெரியுமுங்களாண்ணா?"

"ஆஸ்பத்திரில கைய விரிச்சுட்டாங்கன்னு போன மாசமே போனுல சொன்னா. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்கப்பான்னா."

நிமிர்ந்து நின்றபடியே நூலைச் சுற்றினார். மறுமுனையில் மருமகன் முடிச்சை அவிழ்த்துவிட்டிருந்தான். நூல் வெறுமனே திரும்பி வந்தது.