ரிவர்ஸ் விழாத பதினான்கு ஏ

இன்ஸ்பெக்டர் டிரைவரின் பக்கத்தில் குனிந்து கியர் ராடின் மேல் கை வைத்தார்.

"எங்க, ரிவர்ஸ் போடுங்க பாப்போம்."

"விழாது சார்."

"விழாததைப் பாக்கத்தான் வந்திருக்கேன்."

பஸ்ஸின் எண் பதினான்கு ஏ. வெறும் பதினான்கு என்று ஒன்று அந்த ஊரில் என்றைக்குமே ஓடியதில்லை. ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை மூன்று கிலோமீட்டர். ஏறி உட்கார்ந்து இரண்டு கொட்டாவி விட்டால் இறங்கும் இடம் வந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பி, வந்த வழியே போக வேண்டும். ஆரம்பத்தில் அப்படித்தான் ஓடியது.

பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் டிப்போவின் ரிப்பேர் நோட்டில் டிரைவர் எழுதினார்: ரிவர்ஸ் விழவில்லை.

ரிவர்ஸ் நன்றாகவே இருந்தது. நின்றுபோயிருந்தது அவருடைய அக்காவின் பேச்சுதான்.

அம்மாவின் தையல் மெஷினை டிரைவர், அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல், பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அன்றைக்கு வாயை மூடியவள், தம்பியிடம் அதற்கப்புறம் திறக்கவில்லை. அவள் குடியிருந்தது ஆஸ்பத்திரிக்குப் பின்னால், எந்தப் பஸ்ஸும் எட்டிப் பார்க்காத ஒரு தெருவில். வேலை, ஸ்டேஷன் பார்சல் ஆபீசில். ரிவர்ஸ் இல்லாத வண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப வேண்டுமென்றால், அந்தத் தெருவைச் சுற்றித்தான் வந்தாக வேண்டும்.

மெக்கானிக் நோட்டைப் பார்த்தார். டிரைவரின் முகத்தைப் பார்த்தார். 'பார்ட்ஸ் வர வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பார்ட்ஸ் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

நடுவில் மூன்று வண்டிகள் மாறின. பதினான்கு ஏ போர்டை மாட்டிய ஒரே வாரத்தில் மூன்றுக்கும் ரிவர்ஸ் போனது. ரூட்டின் ராசி அப்படி என்று டிப்போ மனதைத் தேற்றிக்கொண்டது. சுற்றுத் தெருவில் ஒரு நிறுத்தம் வந்தது. நிறுத்தத்துக்குக் கூரை வந்தது. கூரையைப் பார்த்து ஒரு ஜெராக்ஸ் கடையும் வந்தது.

காலை எட்டுப் பத்துக்கு அக்கா ஏறுவாள். மெயின் ரோட்டில் பத்துப் பஸ் உண்டு, இங்கே இது ஒன்றுதான், வேறு கதியில்லாமல் ஏறித் தொலைக்கிறேன் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு ஏறுவாள். மாதப் பாஸ் என்பதால் கண்டக்டரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. டிரைவருக்கு நேர் பின் சீட்டு. பதினோரு நிமிடம். அவள் இருமினால் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கண்டக்டருக்கு டிரைவர் கண்ணைக் காட்டுவார்.

அவருடைய குடும்பம் அவ்வளவுதான்.

இன்றைக்கு ரிவர்ஸ் விழுந்தால் சுற்று ரத்து. சுற்று ரத்தானால் அக்கா மெயின் ரோட்டுக்குப் போய்விடுவாள். அங்கே பத்துப் பஸ்.

அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வண்டியை அந்த நிறுத்தத்திலேயே வைத்துச் சோதனை. டிரைவர் கிளச்சை மிதித்து ராடை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். நெற்றியில் வியர்வையெல்லாம் வரவழைத்துக் காட்டினார். பொறுமையிழந்த இன்ஸ்பெக்டர் அவர் கையை விலக்கிவிட்டுத் தாமே தள்ளினார்.

மறுபேச்சில்லாமல் விழுந்தது.

அப்போதும் கிளச்சை விடாமல் இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். கியர் விழுந்ததும் கிளச்சை விட்டுத்தான் அந்தக் காலுக்குப் பழக்கம். முப்பது வருடப் பழக்கம். பஸ் மூன்றடி பின்னால் போய், தப்புச் செய்ததைப் போல அணைந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து டிரைவரைப் பார்த்தார்.

"இறக்கம் சார். வண்டி தானா உருளுது."

குரல் நேர் பின் சீட்டிலிருந்து வந்தது. அது யாருடையது என்று பிடிபட டிரைவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

இன்ஸ்பெக்டர் தலையை வெளியே நீட்டித் தெருவைப் பார்த்தார். கேரம் போர்டு மாதிரி கிடந்தது.

"ஆமா சார், பயங்கர இறக்கம்," என்றார் கண்டக்டர்.

"இதுல ஏறி வர்றதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுது," என்றார் ஒரு கைத்தடிக்காரர்.

"போன வாரம் என் பையிலருந்து விழுந்த வெங்காயம் ஆஸ்பத்திரி வாசல்ல போய்த்தான் நின்னுச்சு," என்றாள் பையும் கையுமாக நின்ற ஒருத்தி.

முப்பத்தேழு பேர் சேர்ந்து சாய்த்துவிட்ட தெருவை ஒற்றை ஆளாக நிமிர்த்த முடியாது என்பது இன்ஸ்பெக்டருக்கும் புரிந்தது. 'ஆஸ்பத்திரி வாசல்வரை கடும் சரிவு. பின்னோக்கி இயக்குவது ஆபத்து. சுற்றுவழி தொடரலாம்' என்று எழுதினார். முதலில் சாட்சி சொன்ன அம்மா பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை நீட்டினார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நிதானமாக எழுதிக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் முகவரியை வாய்விட்டுப் படித்தார்.

"ஸ்டேஷன் எதிர்ச் சந்து, முதல் மாடி... ஏம்மா, நீங்க இந்தத் தெரு இல்லையா?"

"அங்க மாறி ஆறு வருஷமாச்சு."

அவள் கழுத்தில் தொங்கிய பார்சல் ஆபீஸ் அட்டையை இன்ஸ்பெக்டர் உற்றுப் பார்த்தார்.

"வேலையும் ஸ்டேஷன்லதானா! அப்ப காலைல இங்க எப்படி வர்றீங்க?"

"நடந்துதான்."

"மூணு கிலோமீட்டரா? இதே பஸ்லயே ஏறி வரலாமேம்மா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த மூஞ்சிய ஒரு நாளைக்கு ஒரு தடவ பாத்தாப் போதும் சார்."