பதினாலாவது ஊசி

"கண்ண மூடிக்க அம்மணி. எறும்பு கடிச்சாப்லதான் இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். கையில் பதினாலாவது ஊசி.

நான் மூடவில்லை.

இந்தப் பதிமூன்று நாளும் மூடினவள்தான். ஊசி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். வயிற்றுச் சதையைச் சேர்த்துப் பிடிப்பார். சுருக்கென்று ஒன்று. அப்புறம் ஸ்பிரிட் பஞ்சு சில்லென்று. முடிந்தது என்பார்.

வாய்க்கால் மேட்டில் மொபெட்டோடு சரிந்து என் இடுப்பெலும்பு முறிந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். எலும்பு கூடிவிடும், ஆனால் காலில் ரத்தம் கட்டினால் அது கிளம்பி நெஞ்சுக்குப் போய்விடும், அப்புறம் ஆள் மிஞ்சாது. அதனால் தினம் வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும். பதினாலு நாளைக்கு, நாளுக்கு ஒரு ஊசி, வயிற்றில்.

எங்கள் ஊர் நர்சம்மா தினமும் வந்து போடுகிறேன் என்றாள். இவர்தான் நானே போட்டுவிடுகிறேன் என்று தடுத்துவிட்டார். கருப்பணசாமிக்குக் கிடா வெட்டுகிற கை, ஒரே வெட்டுத்தான். அந்தக் கைக்கு ஊசியெல்லாம் ஒரு பொருட்டா என்று எனக்கும் பெருமைதான். வாழை மரத்தில் குத்திப் பழகிக்கொள்ளுங்கள் என்று நர்சம்மா தண்ணீர் நிரப்பிய ஊசி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட இடமெல்லாம் நீலம் நீலமாகக் கட்டியிருந்தது. இவர் போட ஆரம்பித்த பிறகு ஒரு பொட்டு நீலம் இல்லை. கோபியிலிருந்து பார்க்க வந்த நாத்தனார் நஞ்சம்மாளிடம் சேலையை விலக்கிக் காட்டினேன். உங்கள் அண்ணன் கை பூவாட்டம் என்று சொன்னேன். பக்கத்தில்தான் நின்றார். சிரித்துக்கொண்டார்.

முந்தாநாளிலிருந்து கெண்டைக்காலில் வலி. இன்று காலையில் பார்த்தால் கால் சுரைக்காயாட்டம் வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது. ஊசிதான் போடுகிறோமே, பிறகெப்படி? நடந்தது போதவில்லையோ என்று, அவர் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன நேரத்தில் வாக்கரை நகர்த்தி நகர்த்திப் பின்வாசலுக்குப் போனேன். இங்கே வந்த பிறகு அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கதலி வாழை நிற்கிறது. அதன் தண்டில், இடுப்பு உயரத்தில், கறை வழிந்து கறுத்த புள்ளிகள். வரிசையாக இருந்தன. கடைசிப் புள்ளி மட்டும் இன்னும் சரியாகக் கறுக்கவில்லை.

எண்ணினேன். நம்பாமல் இன்னொரு தடவையும் எண்ணினேன்.

தினமும் எனக்குச் சுருக்கென்றது அவர் நகத்தால் கிள்ளியதுதான். அங்கேயே நின்று அழுதேன். கால் வலிக்காக இல்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். கட்டின புருஷனே அறுப்பார் என்று நான் எங்கே கண்டேன்? கை நடுங்குகிறது, என்னால் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நர்சம்மா வந்திருப்பாளே. எனக்கு உயிர் பெரிதா, இவர் வீம்பு பெரிதா?

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சுப்பாத்தாளிடம், கோயமுத்தூருக்கு உடனே ஒரு கார் சொல்லச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினேன்.

இப்போது வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. என் கண் திறந்தே இருக்கிறது. அவர் என் காலைப் பார்த்துவிட்டார். கிடா வெட்டுகிற கையில் அந்தச் சின்ன ஊசி ஆடுகிறது.

"பழகினது போக, வாழைக்குப் பதிமூணு போட்டீங்க மாமா" என்றேன். "எனக்கு ஒண்ணாச்சும் போடுங்க."