முதுகில் ஒட்டிய பேர்

"இந்த வருஷம் யார் பேரு, எல்மர்? திரும்புங்க, பாப்போம்."

இருக்கையில் உட்காரும் முன்பே லொரேன் ஆரம்பித்துவிட்டாள். முன் வரிசையில் இருந்த எல்மர் சிரித்துக்கொண்டே முதுகைக் காட்டினார். அதே பழைய ஜெர்சி. பேர் இருக்க வேண்டிய இடத்தில் அகலமான வெள்ளை டேப், அதன்மேல் கறுப்பு மையில் 'கோவாச்'.

டேப்புக்கு அடியில் டேப், அதற்கு அடியிலும் டேப். இந்த அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்த, வருஷத்துக்கு ஒரு குவார்ட்டர்பேக் வருவான், சொதப்புவான், போவான். எல்மரும் சளைக்காமல் புதுப் பேரை எழுதி ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"போன வருஷம் அவன், இந்த வருஷம் இவன். இப்படி ஆளை மாத்திக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு ரசிகரா?"

"பச்சோந்தி கெட்டுது போ," என்றான் அவள் புருஷன் கஸ்.

எல்மர் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் அடுப்பு மூட்டிச் சுட்டுக் கொண்டுவந்திருந்த சாசேஜை ஒரு பன்னுக்குள் வைத்து லொரேனிடம் நீட்டினார்.

இன்றைக்கு யாருக்குத்தான் கோபம் வரும்? ஜோனா கோவாச் முதல்முறையாகக் களமிறங்குகிறான். காசு கொடுத்து எங்கிருந்தோ பிடித்துவந்த ஆள் இல்லை. இதே ஊர், இதே ஏரிக்காற்று. படித்தது இங்கே, விளையாடிப் பழகியதும் இங்கேதான். அவன் பெரியம்மா கடையில்தான் லொரேன் முடி வெட்டிக்கொள்வாள். அந்த உரிமையில் காலையிலிருந்து அவளுக்கு அவன் 'நம்ம பிள்ளை'.

"நம்ம ஊர்ப் பையன் முன்னாடியும் ஒருத்தன் ஆடினானே, டிம் பிராண்டல்," என்று கஸ் இழுத்தான்.

"அவனையெல்லாம் கணக்குல சேக்காதீங்க. ஆடுனது நாலு மேட்ச். நாலுலயும் பந்தை எதிராளிக்குத் தானம் பண்ணான். அப்ப நமக்கு உச்சி வரிசையில சீட்டு. அங்கேருந்து நான் போட்ட ஊளை இங்க கீழ வரைக்கும் கேட்டிருக்கும்."

"கேட்டுச்சு," என்றார் எல்மர்.

சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆட்டம் ஆரம்பித்தது. பந்து நம் பக்கம் வந்ததும் அரங்கம் கப்சிப். எதிராளி கையில் பந்து இருந்தால் தொண்டை கிழியக் கத்தலாம். நம் பையன் கையில் இருக்கும்போது மூச்சுவிடுவதுகூட மெதுவாகத்தான். அவன் சொல்வது சக ஆட்டக்காரர்கள் காதில் விழ வேண்டுமே. லொரேன் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜோனா ரெண்டடி பின்வாங்கினான். பார்த்தான். எறிந்தான்.

பந்து பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த நம் ஆள் திரும்பக்கூட இல்லை, கையை நீட்டினான், பந்து வந்து உட்கார்ந்தது. கோட்டைத் தாண்டி டச்டவுன், ஆறு புள்ளி.

அப்புறம் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று கேட்கக் கூடாது. கஸ்ஸின் பீர் முழுக்க அவன் மடியில். லொரேன் எல்மர் முதுகில் படபடவென்று அடித்தாள், அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. "இவன்தான். இவ்வளவு வருஷமா காத்திருந்தது இவனுக்குத்தான். நம்ம பிள்ளை, எல்மர், நம்ம பிள்ளை."

எல்மர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

பிறகு ஏரிப் பக்கமிருந்து மழை வந்தது. நனைந்த பந்து ஜோனாவின் கையில் வழுக்கியது. அடுத்து எறிந்தது நேராக எதிராளியின் கைக்குப் போனது. அதற்கடுத்ததும் அப்படியே. எதிராளி ரெண்டு டச்டவுன் போட்டுவிட்டான்.

உச்சி வரிசையில் ஊளை கிளம்பியது. வரிசை வரிசையாகக் கீழே இறங்கி வந்தது. லொரேன் வாயிலிருந்தும் அது வந்துவிட்டது. வந்தபிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

அப்போது எல்மரின் கை பின்னால் போய் முதுகைத் தடவியது.

"லொரேன், இந்த டேப்பைக் கொஞ்சம்..."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன்மேல் வந்ததோ அவர்மேல் வந்ததோ, கிடைத்தது அவர்தான்.

"அதுக்குள்ளயா? நம்ம பிள்ளையை ஒரு மேட்ச் முழுசா முதுகுல வெச்சுக்க முடியலையா உங்களால? இருங்க, நானே பிய்க்கிறேன்."

ஒரே இழுப்பு. மழையில் ஊறியிருந்ததால் அத்தனை வருஷத்து டேப்பும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது.

அடியில் இருந்தது டேப் இல்லை, தையல். கோணல்மாணலாக, கையால் தைத்த எழுத்து.

'பிராண்டல்'.

லொரேன் அதைத் திரும்பவும் படித்தாள். இந்த வரிசையில் யாருக்கும் முதல் பேரைத் தாண்டிக் குடும்பப் பேர் தெரியாது. எல்மர் என்றால் எல்மர், அவ்வளவுதான்.

"இது... அந்த டிம்மோட பேரு."

"ம். என் வீட்டுக்காரி தச்சது. அவளுக்கு ஊசியே பிடிக்க வராது. அவனோட முதல் மேட்சுக்குன்னு உக்காந்து தச்சா." எல்மர் திரும்பவில்லை. கண் மைதானத்திலேயே இருந்தது. "டேப் நனைஞ்சு தொங்குது, ஒட்டிவிடுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

பக்கத்தில் கஸ் இன்னும் ஊளையிட்டுக்கொண்டிருந்தான். லொரேன் முழங்கையால் ஓங்கி ஒரு இடி இடித்தாள். கழுத்துத் துணியை உருவி எல்மரின் முதுகை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். 'கோவாச்' டேப்பை நேராகப் பிடித்து, உள்ளங்கையால் நீவினாள்.

கீழே ஜோனா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மறுபடி களத்துக்குள் நடந்தான். அரங்கமே ஊளையிட, எல்மர் தன்னந்தனியாகக் கைதட்ட ஆரம்பித்தார்.

"நல்லா அழுத்தி ஒட்டு, லொரேன்," என்றார். "இந்தப் பையனோட அப்பாவும் இங்கதான் எங்கேயாவது உக்காந்திருப்பாரு."