சாப்பிடாத சாப்பாட்டு அக்கா

“நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம். அந்தப் பொண்ணு, தான் செய்யறதை ஒரு வாய்கூடச் சாப்பிடறதில்ல.”

பள்ளிச் சமையலறை வாசலில் குரலைத் தாழ்த்திச் சொன்னார் சமையல்காரம்மா.

பயிற்சியாளர் நின்றுவிட்டார். படிப்பு முடிந்து ஓராண்டு சேவைக்கு வரும் இளைஞர்களை, பள்ளிகளில் உணவுப் பாடம் நடத்தப் பழக்குவது அவர் வேலை. காய்கறியைக் கண்டால் முகம் சுளிக்கும் பிள்ளைகளிடம், ‘முதலில் நீ சாப்பிட்டுக் காட்டு’ என்பதுதான் அவர் எல்லாருக்கும் சொல்லித் தரும் முதல் வழி.

“வயிறு சரியில்லாம இருந்திருக்கும்மா.”

“ஒரு நாள்னா வயிறு. வாரா வாரமுமா? தான் ஓட்டற பஸ்ல தன் பிள்ளையை ஏத்தமாட்டேங்கற டிரைவரை நம்பி நீங்க ஏறுவீங்களா?”

பயிற்சியாளர் நேராக வகுப்புக்குப் போகாமல், வராந்தா ஜன்னலோரம் நின்று பார்த்தார்.

உள்ளே பீட்ரூட் பாடம். துருவிய பீட்ரூட்டில் எலுமிச்சை பிழிந்து கலந்துகொண்டிருந்தாள், பிள்ளைகள் ‘சாப்பாட்டு அக்கா’ என்று கூப்பிடும் அந்தப் பெண்.

“அக்கா, ரத்தம் மாதிரி இருக்கு!” என்றான் ஒரு பையன்.

“அப்போ நீதான் இன்னிக்குப் புலி. ஒரு வாய் சாப்பிட்டுட்டு உறுமு, பார்ப்போம்.”

அவன் சாப்பிட்டான். உறுமினான். அடுத்த நிமிடம் வகுப்பே புலிக்கூண்டாகிவிட்டது. பயிற்சியாளருக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் அக்கா கிண்ணத்தை முகர்ந்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமியிடம் நீட்டினாள், அவளும் முகர்ந்தாள். “மழை பெஞ்ச மண் வாசனை,” என்றாள் சிறுமி. “கூடக் கொஞ்சம் எலுமிச்சை,” என்றாள் அக்கா. அவ்வளவுதான். பிள்ளைகளின் உதடுகளெல்லாம் சிவந்திருந்தன. அக்காவின் உதட்டில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

“நீங்க சாப்பிடலையாக்கா?” என்று ஒருவன் கேட்டும் விட்டான்.

“நான்தான் வாசனை பார்த்தாச்சே!”

சாமர்த்தியசாலிதான் என்று நினைத்துக்கொண்டார் பயிற்சியாளர்.

மணி அடித்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவரின் கையைப் பிடித்து, ஸ்டோர் ரூம் பக்கம் இழுத்துப் போனார் சமையல்காரம்மா.

பின்சுவர் ஓரம் அக்கா நின்றிருந்தாள். இருபக்கமும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கிண்ணத்தில் மிஞ்சிய பீட்ரூட்டை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். கிண்ணத்தை வழித்தும் சாப்பிட்டாள். குழாயடியில் வாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

“பார்த்தீங்களா? வகுப்புல விரதம், இங்க விருந்து!”

பயிற்சியாளருக்கு ஒன்றும் புரியவில்லை. பிடிக்காமல் இல்லை. வயிற்றுக் கோளாறும் இல்லை. அப்படியென்றால் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன், தனக்கு மிச்சமெல்லாமா? அதற்கு ஏன் இந்த ஒளிவு? வாயைக் கழுவி மறைக்கும் அளவுக்கு என்ன இருக்கிறது?

தனியாகக் கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்லுவாள். கையும் களவுமாகத்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்த வாரம் கேரட். பயிற்சியாளர் வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டார். கடைசி பெஞ்சில் வகுப்பாசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அக்கா கிண்ணத்தை எடுத்ததும், பயிற்சியாளர் எழுந்து ஒரு ஸ்பூனை நிரப்பினார்.

“பிள்ளைங்களா, இன்னிக்கு உங்க அக்கா முதல்ல சாப்பிட்டுக் காட்டப் போறாங்க!”

“அக்கா! அக்கா!” என்று வகுப்பு கத்தியது.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. “மேடம், கொஞ்சம் வெளிய வாங்க, சொல்றேன்.”

“சொல்ல வேண்டாம், சாப்பிட்டா போதும்.” பயிற்சியாளர் அவள் காதருகே குனிந்தார். “இல்லன்னா அடுத்த வாரத்துலேருந்து இந்த வகுப்புக்கு வேற ஆள் வருவாங்க.”

ஆசிரியரின் பேனா நின்றது. “மேடம், அது வந்து…”

“நீங்க இருங்க சார்.”

அக்கா ஸ்பூனைப் பார்த்தாள். முன்வரிசையைப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்க மேடம். என்னால முடியாது.”

“முடியாதா? அப்போ போன வாரம் ஸ்டோர் ரூமுக்குப் பின்னாடி…”

“மேடம், ப்ளீஸ்!”

அந்தக் குரலில் இருந்த பதற்றமே போதும், குற்றம் உறுதியாகிவிட்டது என்று நினைத்தார் பயிற்சியாளர். மேலே பேச வாயெடுத்தபோது யாரோ அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். முன்வரிசைச் சிறுமி.

“குனியுங்க மிஸ். ரகசியம்.”

அவர் குனிந்தார். சிறுமி, சட்டைக்கு மேலாகத் தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

“எனக்கு வாயால சாப்பிட முடியாது. இங்க இருக்கற குழாய் வழியாத்தான் போகும். அது வகுப்புல எல்லாருக்கும் தெரியும்.”

பயிற்சியாளரின் கையில் இருந்த ஸ்பூன் மெல்ல இறங்கியது.

“அக்காவுக்கும் அப்படித்தான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவங்களைக் கட்டாயப்படுத்தாதீங்க மிஸ். இந்தப் பள்ளிக்கூடத்துல முன்னாடி நான் ஒருத்திதான் இருந்தேன். இப்போ நாங்க ரெண்டு பேர்.”