எட்டு மாதமாகப் பேசாதவர்

"ஆர்வோவை இந்தக் குழுவிலேருந்து எடுத்துடலாம்னு பாக்குறேன். நீங்க என்ன சொல்றீங்க, டெல்மா?"

"எடுத்துடுங்க," என்றாள் டெல்மா, காபியில் சர்க்கரையைக் கலக்கியபடி.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் மாதாமாதம் கூடும் நல்லிணக்கக் குழு அது. தலைவி கேத்லீன். ஆர்வோவையும் சேர்த்து ஊர்க்காரர்கள் நாலு பேர். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூர்வகுடிக் குடியிருப்பிலிருந்து டெல்மாவும் அவள் சித்தி மகன் ரஸலும்.

"எட்டு மாசமா வர்றார். ஒரு வார்த்தை பேசினதில்லை. இறகு கைக்கு வந்தா, சுட்ட மாதிரி பக்கத்து ஆளுக்குத் தள்ளி விட்டுடறார்," என்றாள் கேத்லீன்.

கழுகு இறகு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மற்றவர்கள் கேட்க வேண்டும். டெல்மாவின் ஆட்களுடைய வழக்கம்.

"ஃபின்லாந்து வம்சம்க்கா, லேசுல வாயைத் திறக்க மாட்டாங்க. கல்யாணத்தன்னிக்கு சம்மதம்னு சொன்னதோட பேச்சுக் கோட்டா முடிஞ்சிருக்கும்," என்று காதைக் கடித்தான் ரஸல்.

டெல்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வயிற்றெரிச்சலே ஆர்வோவின் வேலிதான். ஏரித் தண்ணீரில் காட்டரிசி தானாக விளையும் விரிகுடாவுக்கு அவள் ஆட்கள் தோணி தூக்கிப் போன பாதையை, முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆர்வோவின் அப்பா அடைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். சுற்றிப் போனால் அரை நாள் போய்விடும். முற்றின அரிசி அதுவரை காத்திருக்குமா? ஒரு காற்றடித்தால் அத்தனையும் தண்ணீரில். அந்தப் பாதைக்காகத்தான் அவள் இந்தக் குழுவில் சேர்ந்ததே. அடுத்த வாரம் அறுவடை.

ஆர்வோ வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இறகு முதலில் கேத்லீனுக்கு.

"ஏரிக்கரையில வாங்கின புது வீட்டிலேருந்து நேரா வர்றேன். காலையில அந்தத் தண்ணியைப் பாத்து அழுதுட்டேன். இது யாரோட மண்ணு? நாம யாரு?"

பத்து நிமிஷம் பேசினாள். நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்தது டெல்மா. "போன மாசம் சொன்னதுதான். அதுக்கு முந்தின மாசம் சொன்னதும் அதுதான். எங்களுக்குப் பாதை வேணும்." ஆர்வோவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"கட்டாயம். தீர்மானம் போட்டுடுவோம்," என்றாள் கேத்லீன், இறகு இல்லாமலே.

இறகு ஆர்வோவிடம் போனது. இந்தத் தடவை அவர் தள்ளி விடவில்லை.

"வேலியை இன்னிக்குக் காலையில பிரிச்சுட்டேன்."

ரஸல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நிலத்துல எங்க அண்ணனுக்கும் பாதி. கையெழுத்துப் போட எட்டு மாசம் இழுத்தடிச்சான். கையில இல்லாததைத் தர்றேன்னு எப்படிச் சொல்றது? அதான் பேசலை."

டெல்மாவுக்கு முகம் சுட்டது. 'எடுத்துடுங்க' என்று சொல்லி இன்னும் காபி கூட ஆறவில்லை.

ஆர்வோ தொண்டையைச் செருமினார். "பாதை பூராவும் நடந்து பாத்தேன். என் எல்லை தாண்டி, தண்ணிக்கு நூறடி முன்னால ஒரு புது கேட். சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கு. அத்துமீறினா வழக்குன்னு பலகை வேற. அந்தச் சாவி எங்கிட்ட இல்லை."

எழுந்து போய் இறகைக் கேத்லீனிடம் நீட்டினார்.

கேத்லீன் வாங்கிக்கொண்டாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். "அது வந்து... அந்த கேட்... காப்பீட்டுக்காரங்கதான் போடச் சொன்னாங்க..."

டெல்மா கையை நீட்டினாள்.

"பேச வேண்டாம், கேத்லீன். சாவியைக் குடுங்க, போதும்."