கரையில் பாசி பரப்புகிறவள்

லாரியில் வந்த கடல்பாசியைக் கூடை கூடையாக அள்ளி, அலை வந்து நிற்கும் இடத்தில் ஜெசிந்தா பரப்பிக்கொண்டிருந்தாள். நகராட்சி கொடுத்த வேலை. இருபது வருடம் இயந்திரங்கள் தினமும் கூட்டிய கரை அது. ஒதுங்கிய பாசியும் போய், அதைத் தின்று மணலுக்குள் வாழ்ந்த பூச்சிகளும் போய், மணல் சலித்த ரவையாகக் கிடந்தது. கடலுக்குள் எழுப்பிய சுவரைத் தாண்டி இப்போது பாசி தானாக வருவதுமில்லை. பாசியைக் கொண்டுவந்து போட்டால் அந்தப் பூச்சிகள் திரும்பி வரும் என்றுதான் இந்த வேலை.

மேற்பார்வையாளர் சவரிராஜ் வந்து நின்றான்.

"கோடு வளைஞ்சு வளைஞ்சு போகுதேக்கா."

"அலை என்ன ஸ்கேல் வச்சா போடும்?"

ஏழு மாதமாகப் பரப்புகிறாள். பாசி காய்ந்து சருகானதே தவிர, ஓர் ஈகூட வந்து உட்காரவில்லை. பலன் இல்லையென்று இந்த வாரத்தோடு வேலையை நிறுத்தும்படி மேலிடத்துக் கடிதம் வந்திருந்தது. அதைச் சொல்லத்தான் சவரிராஜ் வந்திருந்தான். சொல்லியும் விட்டான். ஜெசிந்தா கூடையைக் கீழே வைக்கவில்லை.

அவன் போன் அடித்தது. எதிரே இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து யாரோ ஒரு பெண். அவள் போட்ட சத்தம் ஜெசிந்தாவுக்கும் கேட்டது.

"என்னவாம் தம்பி?"

"நம்ம பாசியிலேருந்து ஈ கிளம்பி வீட்டுக்குள்ள வருதாம். அடுப்படியில நிக்க முடியலையாம்."

ஜெசிந்தா கூடையை இறக்கி வைத்தாள்.

"எத்தனாவது மாடி?"

"ரெண்டாவது."

அவள் அண்ணாந்து அந்த ஜன்னலைப் பார்த்தாள். "அம்புட்டு உசரம் பறந்திருச்சா."

பிறகு சொன்னாள்: "அந்தப் புகாரை எழுதித் தரச் சொல்லுங்க தம்பி. கையெழுத்துப் போட்டு."