இரண்டு குப்பி எண்ணெய்

நேற்றைய காற்றில் பனச்சமூட்டுச் சாலைக்குக் குறுக்கே சாய்ந்த அயனிமரத்தின் மேல் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. மரம் அறுக்க வந்திருக்கும் ரப்பர் எஸ்டேட்டின் மோட்டார் வாளுக்கு இரண்டு பேர் வேண்டும். எஞ்சின் பக்கம் சத்தியதாஸ், மறுமுனையில் கிருஷ்ணன்குட்டி. இந்த எல்லை நாடு தமிழோடு சேர்வதா மலையாளத்தோடு சேர்வதா என்று முந்தாநாள் இருவரும் எதிரெதிர் ஊர்வலங்களில் தொண்டை கிழியக் கத்தியவர்கள். இன்றைய வழக்கு, பெட்ரோலில் கலக்கும் எண்ணெயைப் பற்றி. சத்தியதாஸ் நாகர்கோவிலில் வாங்கிவந்திருக்கிறான், கிருஷ்ணன்குட்டி திருவனந்தபுரத்தில். முதலில் நாகர்கோவில் எண்ணெய். வாள் அலற, மஞ்சள் மரத்தூள் சீறித் தெறிக்கிறது. நீலப்புகை மண்டிக் கண் எரிகிறது. எஞ்சினிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக்கில் கரி தடித்திருக்கிறது. சத்தியதாஸ் அதைத் துடைத்துப் பொருத்தி, திருவனந்தபுரத்து எண்ணெயைக் கலந்து ஊற்றுகிறான். இப்போது புகை நூலாய்த்தான் எழுகிறது. எஞ்சின் ஒரே சீராய்ப் பாடுகிறது. மறுபடி கழற்றினால், பிளக் கரியில்லாமல் தவிட்டு நிறத்தில் உலர்ந்து வருகிறது. மரம் வழிமறித்ததால் நிற்கும் பஸ்ஸிலிருந்து இறங்கி வேடிக்கை பார்ப்பவர்களில் இரண்டு ஊர்வலத்து ஆட்களும் உண்டு. அவர்கள் எல்லோருக்கும் தெரியும்படி சத்தியதாஸ் பிளக்கை உயர்த்துகிறான்.

“உம்ம எண்ணெதான் நல்லதாக்கும்.”

சொன்னதும் அவனுக்கு நெஞ்சு லேசாகிறது. வாதத்துக்குத் தயாராய் நின்ற கிருஷ்ணன்குட்டிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

“அது கேட்டா மதி, போதும். வாளப் பிடியும், பஸ்ஸு போகட்டு.”

“பிடிக்கேன் ஓய். திருவனந்தபுரம் சாலைக் கம்போளச் சந்தையில எந்தக் கடையில வாங்கினீரு? நாளைக்கு நானும் உம்ம கூட வாறேன்.”